கதவு திறந்ததும் முதல் வார்த்தை

என் மனைவிக்கும் எனக்கும் ஒரே பிழைப்புதான், ஊரார் வீட்டுக் கதவைத் தட்டுவது. நான் வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ் பழுது பார்ப்பவன். அவள் போலீஸ். என்னைக் கண்டதும் "வாங்க வாங்க, உங்களத்தான் எதிர்பார்த்துட்டு இருந்தோம்" என்று கதவை விரியத் திறப்பார்கள். உள்ளே வாளி வாளியாகத் துணி ஊறிக்கொண்டிருக்கும். அவளைக் கண்டாலோ முகத்தில் ஈயாடாது. தாங்களே போன் போட்டுக் கூப்பிட்டவர்கள்கூட நேரில் பார்த்ததும் ஒரு கணம் திகைத்துத்தான் நிற்பார்கள். வீட்டில் எல்லா விவகாரத்திலும் அவள் வைத்ததே சட்டம் என்பதால், இந்த ஒரு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் அற்ப சந்தோஷம் உண்டு.

எங்களுக்குக் கல்யாணமான புதிதில் அவள் போக்குவரத்துப் பிரிவில் இருந்தாள். நாற்சந்தியில் விசில் ஊதி ஊதித் தொண்டையும், நின்று நின்று காலும் ஒருசேரப் போயின. பிறகு ரோந்து ஜீப்பில் போட்டார்கள். அதற்கும் பிறகு காவல் துறை புதிதாக ஒரு பிரிவைத் தொடங்கியது. ஏதாவது நடந்த பின்னால் ஓடுவதற்குப் பதில், ஒன்றும் நடக்காதபோதே போய் ஜனங்களைப் பார்த்துப் பேசிவிட்டு வருவது என்று ஏற்பாடு. அந்தப் பிரிவின் முழுப் பெயர் ஒரு பலகை நீளத்துக்கு இருக்கிறது. ஸ்டேஷனில் எல்லோரும் 'வீடு வீடு' என்றுதான் சொல்வார்கள். "இன்னிக்கு உனக்கு ஜீப்பா, வீடு வீடா?" என்று காலையில் நானும் கேட்பேன்.

ஜீப் என்றால் கடைத்தெரு, பள்ளிக்கூட வாசல், பஸ் நிலையம் என்று ஒரு சுற்று. வீடு வீடு என்றால் நடைதான். வெளியூர் போயிருப்பவர்களின் பூட்டை இழுத்துப் பார்ப்பாள். வாசலில் குவிந்த பேப்பரைக் கதவிடுக்கு வழியாக உள்ளே தள்ளுவாள், ஆள் இல்லாத வீடு என்று திருடனுக்கு அது காட்டிக் கொடுத்துவிடும் என்பதற்காக. தனியாக இருப்பவர்களிடம் இரண்டு வார்த்தை பேசலாம் என்று போவாள், அவர்கள் இருநூறு வார்த்தை பேசாமல் விடமாட்டார்கள். பேங்கிலிருந்து பேசுவதாகச் சொல்லி ரகசிய நம்பர் கேட்கிறவனிடம் எப்படிப் பேச வேண்டும் என்று இரண்டு குரலில் நடித்தே காட்டுவாள். அதில் திருடன் வேஷம் அவளுக்கு அச்சாகப் பொருந்தும். மாடி வீட்டு ஏசியிலிருந்து கீழ் வீட்டுக்காரர் தலையில் தண்ணீர் சொட்டிய ஒரு சண்டையை வெட்டுக்குத்து வரை போகாமல் தீர்த்து வைத்தாள். தீர்த்து வைத்தாள் என்றால், ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூட்டிப்போய் அந்தக் குழாயை மாற்ற வைத்தாள்.

ஆனால் எங்கே போனாலும் அந்த முதல் கணத்தைத் தாண்டியாக வேண்டும். யூனிஃபார்ம் போட்ட ஆள் வாசலில் நின்றால் ஜனங்களுக்கு இரண்டே நினைப்புதான், நான் என்ன செய்தேன், இல்லையென்றால் யாருக்கு என்ன ஆயிற்று. ஒருவர் கதவைத் திறந்து இவளைப் பார்த்த மாத்திரத்தில், "பக்கத்து வீட்டுப் பூந்தொட்டிய ஒடச்சது நான்தான்" என்று ஒப்புக்கொண்டார். இவள் போனதோ, காணவில்லை என்று அவர் புகார் கொடுத்திருந்த நாயைத் திருப்பிக் கொடுக்க. நாய் காலடியில் நின்று வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

அது சிரிப்பாகப் போயிற்று. இன்னொன்று அப்படிப் போகவில்லை. ஒரு டீச்சர் பஸ்ஸில் கைப்பையைத் தொலைத்துவிட்டார். பை கிடைத்துவிட்டது, நல்ல சேதியாயிற்றே, நேரிலேயே கொடுப்போம் என்று இவள் உற்சாகமாகப் போனாள். டீச்சருடைய மகன் கப்பலில் வேலை பார்ப்பவன். கதவைத் திறந்து யூனிஃபார்மைப் பார்த்தவர் அப்படியே சரிந்து விழுந்தார். நெற்றியில் தையல் போட வேண்டியதாயிற்று.

அன்றிலிருந்து என் மனைவி ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். கதவு திறக்கிறதோ இல்லையோ, வணக்கத்துக்கும் முன்னால் அவள் வாயிலிருந்து வருவது இதுதான்: "பயப்படாதீங்க, எல்லாரும் நல்லா இருக்காங்க. நான் வேற விஷயமா வந்தேன்."

இது நன்றாகவே வேலை செய்தது. முகங்கள் தெளிந்தன, நாற்காலிகள் நகர்த்தப்பட்டன, டீ வந்தது. தெருவில் எல்லோரும் போலீஸக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். இன்ஸ்பெக்டருக்கு இது பிடித்துப்போய், புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் சொல்லிக்கொடுக்கச் சொன்னார். எனக்கு மட்டும் வாய் சும்மா இருக்காது. "எல்லாரும் நல்லா இருக்காங்கன்னு உனக்கு எப்படித் தெரியும்? ஊர் முழுக்கக் கணக்கெடுத்தியா?" என்று சீண்டுவேன். "நீங்க மட்டும் மெஷினத் தொறக்கறதுக்கு முன்னாடியே சின்ன ரிப்பேர்தான்னு சொல்றீங்களே, அது எப்படித் தெரியும்?" என்பாள். எங்கள் மகள், எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர், இந்த மாதிரி சமயங்களில் அம்மா பக்கம்தான் தீர்ப்பு சொல்வாள்.

போன வருஷம் ஒரு நாள், மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஸ்டேஷனுக்கு ஒரு தகவல் வந்தது. ஊருக்கு வெளியே பெரிய சாலையில் பார்சல் வேன் ஒன்று லாரியில் மோதிவிட்டது, வேனை ஓட்டியவர் அங்கேயே இறந்துவிட்டார். இறந்தவரின் முகவரி என் மனைவி நடக்கிற தெரு. அவருடைய மனைவி வீட்டிலேயே கேக் செய்து விற்பவர், இவளுக்கு நன்றாகப் பழக்கம். "தெரிஞ்ச முகமா இருந்தா நல்லதும்மா, நீ போயிடு" என்றார் இன்ஸ்பெக்டர். அவர் சொன்னதில் தப்பே இல்லை.

போகும் வழியெல்லாம் ஜீப்பில் உட்கார்ந்து வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போயிருக்கிறாள். முதலில் உட்காரச் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட வேண்டும். சுற்றி வளைக்காமல் சொல்ல வேண்டும். பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததுதான், அவளே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும்தான். பெல் அடித்தாள். அந்தப் பெண் கை நிறைய மாவோடு, மணிக்கட்டால் தாழ்ப்பாளைத் தள்ளிக் கதவைத் திறந்தார்.

"பயப்படாதீங்க, எல்லாரும் நல்லா இருக்காங்க. நான் வேற விஷயமா வந்தேன்."

வாய் அதுவாகச் சொல்லிவிட்டது. அந்தப் பெண் மூச்சை விட்டுச் சிரித்தார். "அப்பாடா, ஒரு நிமிஷம் பயந்தே போயிட்டேன்க்கா. உள்ள வந்து உக்காருங்க, அடுப்புல இருக்கற கேக்க எடுத்துட்டு வந்துடறேன். விட்டா கருகிடும்."

மேஜையில் பிறந்தநாள் கேக்குக்கான அட்டைப் பெட்டிகள் மடித்து அடுக்கியிருந்தன. சமையலறையில் தட்டு வைக்கும் சத்தமும், அந்தப் பெண் ஏதோ பாட்டை முணுமுணுப்பதும் கேட்டன. அந்தப் பாட்டு முடியும் வரை அங்கேயே நின்றுகொண்டிருந்ததாகத்தான் என் மனைவி பிறகு என்னிடம் சொன்னாள். அப்புறம் சமையலறை வாசலுக்குப் போய்ச் சொன்னாள்.

அந்தப் பெண் அழவில்லை. கேக் தட்டைப் பிடித்திருந்த துணி இன்னும் கையில் இருந்தது. "அப்புறம் ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டார். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்தார்கள், கணவருடைய தம்பி வந்தார், ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், எல்லா இடத்துக்கும் இவள் கூடவே போய் ஆக வேண்டியதையெல்லாம் பார்த்தாள். வண்டியில் ஏறும்போது அந்தப் பெண் இன்னொரு தடவையும் கேட்டார், கோபமாக இல்லை, நிஜமாகவே புரியாமல். "நீங்க ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?"

அன்று சாயங்காலம் பாத்திரம் கழுவிக்கொண்டே இதை என்னிடம் சொன்னாள். கழுவிய டம்ளரையே திரும்பத் திரும்பக் கழுவினாள். நான் கேலிக்குக் கேட்ட கேள்வியைத்தான் அந்தப் பெண் உயிர் போகிற வேதனையில் கேட்டிருக்கிறார். என் கேலியை எங்கே கொண்டுபோய் ஒளித்துவைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. டம்ளரை அவள் கையிலிருந்து வாங்கி வைத்தேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

அதோடு அவள் கதவு தட்டுவதை விட்டுவிட்டாள். இன்ஸ்பெக்டரிடம் கேட்டு ஸ்டேஷனில் போன் எடுக்கும் வேலைக்கு மாறிக்கொண்டாள். அந்த வேலையையும் குறை சொல்ல முடியாதபடிதான் செய்தாள். ஆனால் வீட்டில் வாய் திறப்பதே குறைந்துபோயிற்று. எங்கள் வீட்டு பெல்லைக்கூட அடிக்கமாட்டாள். சாவியைப் போட்டுத் திறந்துகொண்டு பூனை மாதிரி வந்து நிற்பாள். சண்டை போடுகிற மனைவியைச் சமாளிக்க எனக்குத் தெரியும். சண்டை போடாதவளை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நான் தவித்துப்போனேன்.

அவளுடைய தெருக்களுக்கு வேறொருவரைப் போட்டார்கள். நல்ல மனிதர், ஆனால் அவர் தட்டினால் கதவு மட்டுமல்ல, சுவரில் மாட்டிய படமும் ஆடும். ஸ்டேஷனில் அவருக்கு இடி என்று பெயர். அவரைப் பற்றிய புகாரெல்லாம் என்னிடம் வர ஆரம்பித்தன. ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தலையை விட்டுக்கொண்டு கிடக்கிறவனிடம், "உங்க வீட்டம்மா எப்ப சார் மறுபடி வருவாங்க? இவரு வந்துட்டுப் போனா எனக்கு ரெண்டு நாளைக்குப் படபடப்பா இருக்கு" என்பார்கள். வீட்டுக்குப் போய்ச் சொன்னால் அவள் "ம்" என்பாள்.

கடைசியில் வாயைத் திறக்க வைத்தது வக்கீல்தான். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டாள். "ஏம்மா, அந்த ஆன்ட்டி கேட்ட கேள்விக்கு நீ பதில் சொன்னியா?"

"என்ன பதில் சொல்றது?"

"அது எனக்குத் தெரியாது. ஆனா அவங்க இன்னும் கேட்டுக்கிட்டேதான் இருப்பாங்க."

நான் மகளை முறைத்தேன். என் மனைவி பிசைந்த சோற்றையே பிசைந்துகொண்டிருந்தாள். அந்த வார விடுமுறையன்று காலையில், "வண்டிய எடுங்க, ஒரு எடத்துக்குப் போகணும்" என்றாள். எங்கே என்று நான் கேட்கவில்லை. யூனிஃபார்ம் போடாமல் சாதாரண உடையில்தான் வந்தாள். மாடிப்படிக்குக் கீழே நான் வண்டியோடு நிற்கிறேன் என்றதற்கு, "நீங்களும் வாங்க" என்றாள். அவள் என்னைத் துணைக்குக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அந்தப் பெண் கதவைத் திறந்தார். ரொம்ப மெலிந்திருந்தார். அடுப்பு மூடிக் கிடந்தது, அட்டைப் பெட்டிகள் மூலையில் தூசி படிந்து கிடந்தன. என் மனைவி வாசலிலேயே நின்றாள். உள்ளே போனால் பேச்சு வேறு எங்காவது போய்விடுமோ என்று அவளுக்குப் பயம்.

"அன்னிக்கு ஏன் அப்படிச் சொன்னேன்னு கேட்டீங்க. காரணம் ஒன்னும் இல்ல. எல்லா வீட்லயும் சொல்லிச் சொல்லிப் பழகிப்போச்சு, வாய் தானா சொல்லிடுச்சு. உங்களத் தேத்தணும்னோ, கொஞ்ச நேரம் தள்ளிப்போடணும்னோ சொல்லல. யோசிக்காம சொன்னேன். என் தப்பு அது."

அந்தப் பெண் கதவைப் பிடித்தபடி நின்றார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டினால் நல்லது என்றுகூட நினைத்தேன்.

"நானும் தினம் அதேதான் சொல்லிட்டிருக்கேன்க்கா," என்றார்.

எங்களுக்குப் புரியவில்லை. உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார். இறந்தவருக்கு அம்மா இருக்கிறார், ஊரின் இன்னொரு கோடியில் சின்ன மகன் வீட்டில். விபத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, படுத்த படுக்கை. இதயமும் பலவீனம். சொன்னால் தாங்கமாட்டார், எழுந்து நடக்கட்டும், அப்புறம் சொல்லலாம் என்று சின்ன மகன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பெரியவன் வேனை எடுத்துக்கொண்டு தூர தேசத்து வேலைக்குப் போயிருக்கிறான், அங்கே போன் எடுக்காது, கம்பெனி மூலமாகத்தான் சேதி வரும் என்று கதை கட்டியிருந்தார்கள். தினமும் சாயங்காலம் அம்மாவுக்குப் போன் செய்வது மகனின் வழக்கம். இப்போது மருமகள் செய்கிறார்.

"தினம் போன் பண்ணி, அவரு நல்லா இருக்காரு அத்தைன்னு சொல்றேன். சொல்லிட்டு போன வச்சுட்டு இந்த நாற்காலியிலயே உக்காந்திருப்பேன். உங்க மேல வந்த கோவமெல்லாம் எங்க போச்சுன்னே தெரியல. என்னால முடியலக்கா. நீங்க வந்து சொல்லுங்க."

"நானா?" என்றாள் என் மனைவி. "நான் சொன்ன லட்சணம்தான் உங்களுக்குத் தெரியுமே."

"அதனாலதான். இனிமே உங்களுக்கு அந்தத் தப்பு வராது."

என் மனைவி உடனே சரி என்று சொல்லவில்லை. டாக்டர் என்ன சொல்கிறார் என்று கேட்டாள். அந்தப் பெண் அதை ஏற்கெனவே விசாரித்திருந்தார். பக்கத்தில் ஆள் இருக்கும்போது பக்குவமாகச் சொல்லலாம், சொல்வதே நல்லது என்றுதான் டாக்டரும் சொல்லியிருந்தார். கொழுந்தன்தான் பிடிவாதமாக இருந்தார். அவரிடம் என் மனைவியே போனில் பேசினாள். நெடு நேரம் பேசினாள். நான் அந்த வீட்டின் ஃபிரிட்ஜ் கதவு சரியாக மூடாமலிருந்ததைப் பார்த்து, ரப்பரைச் சரிசெய்துகொண்டிருந்தேன். வேறு என்ன செய்வது?

கிளம்பும்போது அந்தப் பெண் சொன்னார். "யூனிஃபார்ம்லயே வாங்கக்கா. பார்த்ததும் அவங்களுக்குப் பாதி புரியட்டும். நான் இனிமே எதையும் மூடி மறைக்கறதா இல்ல."

யூனிஃபார்மில் போவதென்றால் இன்ஸ்பெக்டரிடம் கேட்க வேண்டும். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இது போன் டேபிள் வேலையா, வீடு வீடு வேலையா?" என்றார்.

"வீடு வீடுதான் சார்."

"அப்ப போயிட்டு வா. நாளையிலேர்ந்து போன் டேபிளுக்கு இடியப் போட்டுக்கறேன்." போனில் இடியின் குரலைக் கேட்கப் போகிறவர்களை நினைத்து எனக்குப் பாவமாக இருந்தது.

மறுநாள் சாயங்காலம் என் வேனிலேயே போனோம். முன்னால் நானும் என் மனைவியும், பின்னால் கழற்றிப் போட்ட மோட்டார்களுக்கு நடுவே அந்தப் பெண். சின்ன மகன் கீழேயே காத்திருந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "பாத்துச் சொல்லுங்க" என்று மட்டும் என் மனைவியிடம் கேட்டுக்கொண்டார்.

ஜன்னலோரக் கட்டிலில் அந்த அம்மா படுத்திருந்தார். தலைமாட்டில் மாத்திரை டப்பாவும், சின்ன போனும். எங்களைப் பார்த்தார், என் மனைவியின் யூனிஃபார்மைப் பார்த்தார், பிறகு மருமகளின் முகத்தைப் பார்த்தார். நான் அறை வாசலில் நின்றுகொண்டேன். என் மனைவி தொப்பியைக் கழற்றிவிட்டு, முக்காலியை இழுத்துப் போட்டுக் கட்டில் உயரத்துக்கு உட்கார்ந்து, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அம்மா, நான் போலீஸ். உங்க பெரிய பையனப் பத்திச் சொல்ல வந்திருக்கேன். வேன் விபத்துல அவர் இறந்துட்டாரும்மா. நடந்து கொஞ்ச நாளாச்சு. உங்க ஒடம்புக்கு ஏதாவது ஆயிடுமோன்னு உங்ககிட்ட சொல்லாம இருந்துட்டாங்க."

அந்த அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தார். சின்ன மகன் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மூச்சு சீராகத்தான் இருந்தது.

"தெரியும்மா," என்றார்.

அவரே மேற்கொண்டு பேசினார். "அவன் போன் பண்ணா, மாத்திரை போட்டியா, பால் குடிச்சியான்னு அதட்டிக்கிட்டேதான் ஆரம்பிப்பான். இப்ப இவ பண்றா. எடுத்ததும், அவரு நல்லா இருக்காரு அத்தைங்கறா. நான் கேக்கறதுக்கு முன்னாடியே சொல்றா. நல்லா இருக்கறவனப் பத்தி யாரும்மா அப்படி ஆரம்பிப்பாங்க?"

என் மனைவி தொப்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மருமகள் கட்டில் காலடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "தெரிஞ்சுமா அத்தை? ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?"

"கேட்டா நீ சொல்லணும். அத உன் வாயால எப்படிச் சொல்ல வைப்பேன்? நான் அழுதா எனக்குத் தெரியும்னு உனக்குத் தெரிஞ்சிடும். அதான் தெனம் எல்லாரும் தூங்கினப்புறம் சத்தம் வராம அழுதேன்."

பிறகு அவர் என் மனைவியின் பக்கம் திரும்பினார். ஏதோ ஆபீஸில் அதிகாரியிடம் கேட்பதுபோல, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

"இனிமே நான் அழலாம்லம்மா?"

"அழுங்கம்மா," என்றாள் என் மனைவி. அந்த அம்மா மருமகளின் தலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, வாய்விட்டு அழ ஆரம்பித்தார்.